மருந்துக்கடைக்காரர் மகளுக்குப் பதில்

பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், ஒரு ஜன்னலும் ஒரு நீள மேசையும் உள்ள அறையில் அவருக்கு வேலை. முன்பக்கம் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுத்து அனுப்புவார். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக வரிசை வைத்து, முழு செட்டாக்கித் தருவார். முகம் தெரியாதவர்களின் வாயை வைத்துப் பிழைக்கிறவன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார். அவருடைய சொந்த வாயும் லேசுப்பட்டதல்ல. சும்மா பேசினாலே நாலு பேர் நின்று கேட்பார்கள்.

அந்த வாய்தான் அவருக்குப் பதில்காரர் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, கல்லூரியில் படிக்கும் ஒருவன் போனை நீட்டி, "மார்க்கத்தை விட்டுப் போனவங்க இப்படியெல்லாம் கேக்குறாங்களே, நம்மகிட்ட இதுக்குப் பதில் இருக்கா?" என்று கேட்டான். அவன் முகத்தில் குறும்பு இல்லை, கலக்கம் இருந்தது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, படித்ததையும் தன் புத்திக்கு எட்டியதையும் சேர்த்து நிதானமாகச் சொன்னார். பள்ளிவாசல் செயலாளர் அதைப் படம் பிடித்துப் போட்டார். அது எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு இடைவேளையில், வேலை செய்யும் அறையிலேயே போனை நிறுத்திவைத்துப் பேச ஆரம்பித்தார். பின்னால் அலமாரியில் பல்செட்டுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அதுவே ஒரு அடையாளமாகிவிட்டது.

முதலில் பேச்சில் நிதானம் இருந்தது. போகப் போக அவருக்கு ஒன்று புரிந்தது. விளக்கமாகச் சொன்னால் கொஞ்சம் பேர் பார்க்கிறார்கள். குத்தலாகச் சொன்னால் ஊரே பார்க்கிறது. யாரும் சொல்லித்தராமலே அவருடைய நாக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது.

மருந்துக்கடைக்காரரின் மகள் அப்போதுதான் பேர் வாங்கிக்கொண்டிருந்தாள். வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறவள். மார்க்கத்தை விட்டுவிட்டேன் என்று முகத்தை மறைக்காமல் திரையில் வந்து சொன்னவள். அதோடு நிற்கவில்லை. ஏன் விட்டேன், எதை நம்ப முடியவில்லை என்று வாரம் தவறாமல் பேசினாள். அழுத்தம் திருத்தமான பேச்சு. நடுநடுவே கேலியும் உண்டு. அவள் கேலி செய்தவை எல்லாம் பதில்காரர் உயிராக நினைத்தவை. முதல் தடவை கேட்ட அன்றைக்கு அவர் செய்த பல்வரிசை கோணிப்போய், பிரித்து மறுபடி வைக்கவேண்டி வந்தது.

ஊரில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். சிலர் அவள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்றார்கள். சிலர் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பெண்கள் படிக்கக் கூடாத வார்த்தைகளை அடியில் எழுதினார்கள். "நம்ம பொண்ணுதானே, யாராவது போய் உக்காந்து பேசினா என்ன?" என்று கேட்டவர்களும் உண்டு, ஆனால் யாரும் போகவில்லை. இரண்டொருவர் பதில்காரரைத் தனியாக மடக்கி, "அவ கேக்குற ஒரு கேள்வி எனக்கும் உண்டு" என்று மெல்லச் சொன்னார்கள். இவர்களுக்காகத்தான் பேசுகிறேன் என்று அவர் நம்பினார். அது முழுப் பொய்யும் அல்ல.

அப்படி இருக்கும்போது அவள் ஒரு நாள், கேலி எதுவும் இல்லாமல், தன் சின்ன வயதைப் பற்றிப் பேசினாள். பள்ளிவாசலில் குர்ஆன் ஓதப் போன காலத்தில், ஓதிக்கொடுத்த உஸ்தாது ஒரு நாள் தன்னைப் பின்பக்க அறையில் போட்டுப் பூட்டினார் என்றாள். இறந்தவர் உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி வைத்திருக்கும் அறை அது. பள்ளிக்கூடம் விட்டு வந்த சாயங்காலம் பூட்டியவர், பொழுது சாயும்வரை திறக்கவில்லை. விஷயம் வெளியே தெரியாமல் பள்ளிவாசல் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். "கடவுளைப் பத்தி எனக்கு முதல்ல வந்த எண்ணம் அந்த இருட்டுதான்" என்றாள்.

அந்த உஸ்தாது இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஊரில் பாதிப்பேருக்கு ஓதிக்கொடுத்தவர். அவர் பேரைச் சொன்னாலே குரலைத் தாழ்த்துவார்கள். செயலாளர் கொதித்துப்போய் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். மர நாற்காலிகள் செய்து விற்கும் கடை அவருடையது. உட்காரக்கூட இல்லை.

"செத்த மனுஷன் மேல சேத்தை வாரி அடிக்கிறா. இதுக்கு நறுக்குன்னு ஒண்ணு குடுக்கணும் நீங்க."

"நடந்துச்சா இல்லையான்னு தெரியாம எப்படி?"

"நானும் அந்தப் பள்ளியில ஓதினவன்தானே? அப்படி ஒண்ணும் நடக்கலை. வேணும்னா இன்னும் ரெண்டு பேரைக் கேளுங்க."

பதில்காரர் அந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். பழைய சங்கதி தெரியாது. செயலாளர் சொன்ன அந்த இரண்டு பேரையும் கேட்டார். அவர்களும் இல்லை என்றார்கள். போதும் என்று தோன்றியது. மறுநாள் மதியம் போனை நிறுத்திவைத்தார்.

"அந்தக் காலத்துல ஓதின ஆளுங்களை நானே விசாரிச்சேன். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை. செத்தவரு எந்திரிச்சு வந்து பதில் சொல்லமாட்டாருங்கிற தைரியம், வேறென்ன?" என்று தொடங்கினார். பேச்சு சூடு பிடித்தது. கடைசியில், முன்கூட்டி யோசிக்காமல், வாயில் வந்து விழுந்தது அது: "இந்த அம்மாவோட வாப்பா மருந்துக்கடை வச்சிருக்காரு. யாருக்கு என்ன நோய்னாலும் அவரு கடையில மருந்து இருக்கும். மகளுக்கு வந்த நோய்க்குத்தான் அங்க மருந்து இல்லை!"

அவ்வளவுதான். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒற்றை வரியைத் தனியாக வெட்டி எடுத்து, பாட்டுச் சேர்த்து, கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். டீ குடிக்கிற இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் அவர் தோளைத் தட்டினார்கள். கொஞ்ச நாளைக்கு அவர் தரையில் நடக்கவில்லை.

*

மருந்துக்கடை பள்ளிவாசலுக்குப் போகும் தெருவிலேயே இருந்தது. கண்ணாடி அலமாரிகள், தேய்ந்த மரக் கவுன்ட்டர், சின்ன எழுத்தைப் படிக்க நூலில் கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி. கடைக்காரர் மனைவியை இழந்தவர். ஐந்து நேரமும் தவறாமல் பள்ளிவாசலுக்கு வருகிறவர். அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. மகள் பேச ஆரம்பித்த பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாக வந்து, கொஞ்சம் பிந்திப் போனார். வாசலில் ஆட்களோடு நிற்கும் நேரத்தைத் தவிர்க்கத்தான்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு, "மகளுக்கு மருந்து வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்காதவர்கள் அடுத்த தெருக் கடைக்கு மாறினார்கள். ஒரு காலையில் ஷட்டரில் அந்த வரியை யாரோ கறுப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். அவர் மண்ணெண்ணெயும் துணியும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பதில்காரர் பார்த்தார். எதிர்ப் பக்கமாக நடந்து போனார். 'நான் மகளைத்தானே சொன்னேன், எழுதினது நானா?' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே ஒரு மாதிரியாக இருந்தது.

பள்ளிவாசலில் இன்னொன்றையும் கவனித்தார். தொழுகையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். நடுவே இடம் விடக்கூடாது. மருந்துக்கடைக்காரர் வந்து நின்றால், பக்கத்தில் இருப்பவர் இருமுவதுபோலவோ, மின்விசிறிக் காற்று வேண்டும் என்பதுபோலவோ நகர்ந்துகொண்டார். ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் போய் நிற்கப் பதில்காரருக்கும் கால் வரவில்லை.

*

பதில்காரருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். புருஷனுடைய பேச்சுகளை எல்லாம் பார்ப்பாள். எங்கே வேகமாகப் பேசினார், எங்கே ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது என்று வாத்தியார்த்தனமாகத் திருத்தமும் சொல்வாள். இந்தப் பேச்சுக்கு மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவளும் அந்தப் பள்ளிவாசலில் ஓதியவள்தான் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் அது நினைவுக்கு வரவே இல்லை.

விடுமுறை நாள் ஒன்றில் அவள் மருந்து வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். அவர்கள் குழந்தைக்குக் காய்ச்சல். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மருந்து கிடைக்கலையா?"

"கடைக்குள்ள போக முடியலை. வாசல்ல நாலு பயலுக நின்னு அவரைப் படம் பிடிச்சுக்கிட்டு இருந்தானுக. 'மருந்து இருக்கா, மருந்து இருக்கா'ன்னு ஒரே கூச்சல். அவரு ஒண்ணும் பேசாம நின்னாரு. எனக்குத் தாங்கலை, திரும்பிட்டேன்."

"பயலுக பண்றதுக்கு நான் என்ன பண்ண?"

அவள் அவரையே பார்த்தாள். "ஏங்க, அவ பொய் சொல்லலை."

"யாரு?"

"அவரோட மகதான். அந்த ரூம் விஷயம் நிஜம். நான் அங்கதான் இருந்தேன்."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

"ஓதும்போது எதையோ நினைச்சுச் சிரிச்சுட்டா. ரெண்டு தடவை சிரிச்சா. உஸ்தாது கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிப் பூட்டிட்டாரு. நாங்க எல்லாம் சத்தமா ஓதணும்னு சொன்னாரு, அவ கத்துறது கேக்காம இருக்க. ஓதினோம். தொண்டை கட்டுற அளவுக்கு ஓதினோம். பொழுது சாயுற நேரம் அவங்க வாப்பா தேடிக்கிட்டு வந்துதான் கதவைத் திறந்தது. உள்ளேயே ஒண்ணுக்குப் போயிருந்தா. தரையைக் கழுவுன்னு என்னைத்தான் சொன்னாரு. நான்தான் தண்ணி ஊத்திக் கழுவினேன். சந்தூக்கோட காலைச் சுத்தி."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, "இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்றார். கோபமாகச் சொல்ல நினைத்தார், கோபம் வரவில்லை.

"நீங்க கேக்கலையே. அந்தக் காலத்து ஆளுங்களை விசாரிச்சேன்னு சொன்னீங்க. யாரை விசாரிச்சீங்க? மூணு ஆம்பளைங்களை. ஆம்பளைப் பிள்ளைங்க காலையில ஓதினாங்க, நாங்க சாயங்காலம். அவங்களுக்கு என்ன தெரியும்? இதே வீட்டுல, இதே மேசையில நான் உக்காந்திருந்தேன்."

பிறகு அவளே சொன்னாள்: "என் மேலயும் தப்புதான். உங்களை எல்லாரும் புகழும்போது எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அதைக் கெடுத்துக்க மனசு வரலை. இன்னைக்கு அந்த மனுஷன் நின்ன நிலையைப் பாத்ததும் என் கண்ணு முன்னாடி அந்தத் தரைதான் வந்துச்சு."

*

அவர் முதலில் செயலாளரிடம் போனார். நாற்காலிக் கடையில் வார்னிஷ் நெடி மூக்கைத் துளைத்தது. செயலாளர் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கையில் இருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"சரி, நடந்துச்சுன்னே வச்சுக்குவோம். இப்ப என்ன?"

"நடக்கவே இல்லைன்னு நான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கேன்."

"அதை மாத்திச் சொன்னா என்ன ஆகும்? அவ கையில நாமளே கத்தியைத் தீட்டிக் குடுத்த மாதிரி ஆகும். இது ஒண்ணையா சொல்றா அவ? படைச்சவனையே இல்லைங்கிறா!"

"அதுக்கு நான் சொன்ன பதில் பதில். இதுக்கு நான் சொன்னது பொய். ரெண்டும் ஒண்ணா?"

"உங்களுக்கு நல்ல மனசு. இந்தக் காலத்துக்கு அது ஆகாது" என்றார் செயலாளர். கெட்டவர் அல்ல. ஊரில் யாருக்கு ஆபத்து என்றாலும் முதலில் ஓடுகிறவர் அவர்தான். இந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பயம். பயத்தைப் பள்ளிவாசலின் மானம் என்று அவர் பெயர் மாற்றி வைத்திருந்தார். "விட்டுடுங்க. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க. நீங்களும் மறந்துருவீங்க."

அங்கிருந்து கிளம்பியவரின் கால்கள் நேரே மருந்துக்கடைக்குப் போயின. மதியம் சாய்ந்த நேரம், தெருவில் கூட்டமில்லை. மருந்துக்கடைக்காரர் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, ஒரு டப்பாவைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"ஸலாம்" என்றார் பதில்காரர். கடைக்காரர் பதில் ஸலாம் சொன்னார், முழுசாக, ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல்.

அடுத்து எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றபோது பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பைக்கில் வந்த இருவர். வெளியூர் ஆட்கள்போல இருந்தார்கள். ஒருவன் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"ஏய், பதில்காரருடா! அண்ணே, நீங்களே வந்திருக்கீங்களா? நாங்க இந்தக் கடையைப் பாக்கத்தான் வந்தோம்." பிறகு கவுன்ட்டர் பக்கம் திரும்பி, "என்ன பெரியவரே, மருந்து வந்துருச்சா?" என்றான். சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துப் பதில்காரரின் முகத்தைப் பார்த்தான்.

தன்னுடைய வரியை, தன்னுடைய குரல் ஏற்ற இறக்கத்தோடு, இன்னொருவன் வாயில் கேட்டார் அவர். தான் செய்த பல்செட்டை வேறொருவன் மாட்டிக்கொண்டு எதிரே வந்து இளிப்பதுபோல இருந்தது.

"வேற என்ன வேணும் தம்பி?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர், அமைதியாக.

"வெளியே போங்க" என்றார் பதில்காரர். கையை வாசலை நோக்கி நீட்டினார். "நான் சொன்னது தப்பு. போங்க."

அவர்கள் விளங்காமல் சிரித்தபடியே போனார்கள். பைக் சத்தம் தேய்ந்த பிறகு பதில்காரர் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் வீட்டுல சொன்னாங்க. அந்த ரூம் விஷயம். அவங்களும் அங்க இருந்திருக்காங்க."

மருந்துக்கடைக்காரர் டப்பாவை அதன் இடத்தில் வைத்தார். "நான்தானே தூக்கிட்டு வந்தேன். என் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. மறுநாள் போய்க் கேட்டேன். 'வெளியில தெரிஞ்சா ஓத வர்ற பிள்ளைங்க குறைஞ்சிரும், பெரிய மனசு பண்ணுங்க'ன்னாங்க. பண்ணினேன். அதுக்கு அவ என்னை இன்னும் மன்னிக்கலை. மன்னிக்கணும்னு நானும் கேக்கலை."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்னைக் கேக்கலையே."

ஒரே நாளில் இரண்டாவது தடவையாக அந்த வார்த்தை. பதில்காரர் தலை குனிந்துகொண்டார்.

"மக சொல்றதையெல்லாம் நான் ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க" என்று தொடர்ந்தார் அவர். "சிலதைக் கேட்டா நெஞ்சு எரியுது. பாதியில நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிருவேன். வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து அவளுக்குப் போன் போடுவேன். முட்டி வலியைக் கேப்பா, மழையைக் கேப்பா. 'உனக்காக அல்லாகிட்ட கேட்டேம்மா'ம்பேன். 'கேளுங்க வாப்பா'ம்பா. வேணாம்னு ஒரு நாளும் சொன்னதில்லை. அவ்வளவுதான் எங்களுக்குள்ள மார்க்கப் பேச்சு."

"என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிச்சேன்னு நான் சொல்லிட்டா நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிருவீங்க." குரலில் கடுமை இல்லை, ஒரு மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லும் அதே குரல். "நீங்க சொன்னதை நான் மட்டுமா கேட்டேன்? கேட்டவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. அப்புறம் நம்ம கணக்கைப் பாப்போம்."

பதில்காரர் திரும்பியபோது அவர் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு காய்ச்சல் மருந்துப் புட்டியை எடுத்து நீட்டினார். "உங்க வீட்டுல வந்துட்டு வாசலோட திரும்பிப் போனாங்க. கையில சீட்டு இருந்துச்சு. குழந்தைக்குத்தானே? ஊரெல்லாம் இப்ப காய்ச்சல்தான்."

*

மறுநாள் மதியம் போனை நிறுத்திவைத்தபோது அலமாரிப் பக்கம் திருப்பவில்லை. வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். "என் முகம் வேணாம். குரல் மட்டும் வரட்டும். ஆனா நான் பாத்ததை நான்தான் சொல்லணும், நீங்க சொன்னா அது மறுபடியும் கேள்விப்பட்டதுதான்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

அவர் பூசி மெழுகவில்லை. அந்தப் பெண் மார்க்கத்தைப் பற்றிச் சொல்லும் எதிலும் தனக்கு உடன்பாடு இல்லை, அவற்றுக்கு இனியும் பதில் சொல்வேன் என்றார். ஆனால் அந்த அறையைப் பற்றி அவள் சொன்னது உண்மை. நடக்கவில்லை என்று தான் சொன்னது பொய். "தெரியாமச் சொன்னேன்னு தப்பிச்சுக்க முடியாது. தெரிஞ்சுக்கிறதுக்கு வழி என் வீட்டுலயே இருந்துச்சு. எனக்கு வேண்டிய பதில் கிடைச்சதும் கேக்குறதை நிறுத்திட்டேன்." பிறகு மருந்துக்கடையைப் பற்றிச் சொன்ன வரியைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அந்த வரியை மட்டும் மறுபடி உச்சரிக்கவில்லை. அடுத்து மனைவியின் குரல். சிரித்தது, பூட்டியது, சத்தமாக ஓதியது, தரையைக் கழுவியது. கடைசியில், "நாங்க அன்னைக்கு ஓதினது எங்க வேதத்தைத்தான். அதை ஒரு பிள்ளை கதறுறதை மறைக்கப் பயன்படுத்தினாங்க. அதுக்கு நான் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு எனக்குத் தெரியலை" என்றாள்.

பழைய பேச்சை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்.

வந்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. விலைபோய்விட்டான் என்றார்கள். பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்றார்கள். நேற்றுவரை தோளைத் தட்டியவர்கள் டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பள்ளிவாசலில் இத்தனை நாள் பேசிவந்த வெள்ளிக்கிழமை மாலைப் பேச்சுக்கு அவரை இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று செயலாளர் முடிவெடுத்தார். அதை அவரே நேரில் வந்து, கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டும் போனார். எடுத்துவிட்ட பழைய வரியோ இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதைத் திரும்பப் பிடிப்பது அவர் கையில் இல்லை.

இன்னொரு பக்கம், அவர் மனைவிக்குப் போன் வர ஆரம்பித்தது. எல்லாம் பெண்கள். இப்போது பிள்ளைகுட்டியோடு வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள். ஒருத்தி, "அந்த ரூம்ல நானும் இருந்திருக்கேன். வீட்டுல சொன்னதே இல்லை" என்றாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டு வைத்தாள். அவர்களில் சிலர் சேர்ந்து பள்ளிவாசலுக்குப் போய், பிள்ளைகள் ஓதுவதைக் கதவு திறந்த முன்கூடத்துக்கு மாற்ற வேண்டும், ஒரு பெண்மணி கூட இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். செயலாளர் முதலில் முடியாது என்றார். அவருடைய சொந்தத் தங்கையும் அந்தக் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த மாதம் மாற்றினார்கள்.

மருந்துக்கடைக்காரரின் மகளும் பேசினாள். பதில்காரர், அவர் மனைவி இருவரின் குரலையும் போட்டுக் காட்டிவிட்டு, "இதைச் சொல்ல ஒரு ஆளுக்குத் தைரியம் வேணும், அதை நான் மறுக்கலை. ஆனா நன்றி சொல்வேன்னு எதிர்பார்க்காதீங்க. உண்மையைச் சொல்றது எனக்குச் செய்யிற உபகாரம் இல்லை" என்றாள். அப்புறம் வழக்கம்போல மார்க்கத்தைப் பிடித்துக்கொண்டாள். முன்னைவிடக் காரமாகவே. பதில்காரருக்கு நெஞ்சு எரிந்தது. நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, மீதியையும் கேட்டார்.

*

மழைக்காலம் முடிந்த சமயத்தில் மருந்துக்கடைக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்பே ஒரு நாள் தொழுகையில், பதில்காரர் அவர் பக்கத்தில் போய் நின்றிருந்தார். அவர் நகரவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதன் பிறகு அப்படியே வழக்கமாகிவிட்டது. கணக்குத் தீர்ந்ததா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆபரேஷனுக்காக மகள் வந்திருக்கிறாள் என்று ஊரில் செய்தி ஓடியது. சிலர் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகப் போனார்கள். அவளோ கடையைத் திறந்துவைத்து, வாப்பாவின் பூதக்கண்ணாடியை ஓரமாகத் தள்ளிவிட்டு, வருகிறவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். பதில்காரரின் மனைவி ஒரு சாயங்காலம் அங்கே போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்டார். "எங்க வகுப்புல யாரு குறட்டை விடுவாங்கன்னு பேசினோம்" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

அடுத்த நாள் பிற்பகல் தொழுகைக்குப் பதில்காரர் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளிவாசல் வாசலில் அவளைப் பார்த்தார். ஒரு கண்ணில் மூடி போட்டிருந்த வாப்பாவை முழங்கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வந்திருந்தாள். வாசல்படிக்கு முன்னால் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சிலர் ஒதுங்கி நின்றார்கள்.

"இதுக்கு மேல நான் வரலை வாப்பா" என்றாள்.

"தெரியும்மா. நீ போ, நான் தடவித் தடவிப் போயிருவேன்."

அவள் கையை விடவில்லை. சுற்றிலும் பார்த்தாள். பதில்காரர் மேல் பார்வை நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"நீங்கதானே?"

"ஆமா."

"நான் போன வாரம் பேசினதுக்கும் பதில் வருமா?"

"வரும்."

"வரட்டும். என்னைப் பத்தி என்ன வேணாலும் சொல்லுங்க. நானும் சொல்வேன்." அவள் குரலில் சமாதானம் எதுவும் இல்லை. வாப்பாவின் முழங்கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். பதில்காரர் புரிந்துகொண்டு வந்து பிடித்துக்கொண்டார்.

"தொழுறதுக்கு ஒளு செய்யும்போது இந்தக் கண்ணுல தண்ணி படக்கூடாது" என்றாள் அவள். "இவரு கேக்கமாட்டாரு, முகம் முழுக்கக் கழுவினாத்தான் ஆச்சும்பாரு. அந்தப் பக்கம் மட்டும் ஈரக்கையால தடவிவிட்டாப் போதும். உங்க சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு. பாத்துக்கங்க."

அது அவருக்குத் தெரிந்த சட்டம்தான். சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிம்மா, பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெரியவருடைய எடையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, குழாய் இருக்கும் பக்கம் மெல்ல நடந்தார்.